ஒரு பிக்கல் தோளும் ஒரு டன் இயந்திரமும்

தொலைக்காட்சிக் கருத்தரங்க உரை: டொயோட்டா ஃபோர்க்லிப்ட் வந்த வழி

'பிக்கல்' என்ற சொல்லை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் விழிப்பார்கள். கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ எழுபது வயதைக் கடந்த ஒரு தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்பே அவர் கை தோளைத் தொடும். மலாய் மொழியில் 'பிக்குல்' என்றால் தோளில் சுமப்பது என்று பொருள். ஓர் ஆள் தோளில் சுமக்கக்கூடிய பாரமே ஒரு பிக்கல். வெள்ளைக்காரன் காலத்து நிறுவையில் அது 133 இராத்தலுக்குச் சற்று அதிகம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 60 கிலோ. ஈயமானாலும் அரிசியானாலும் கொப்பரையானாலும் அன்றைய மலாயாவில் பிக்கல் கணக்கில்தான் விலை பேசினார்கள். ஒரு நாட்டின் வாணிபம் முழுவதும் மனிதனின் தோளையே அளவுகோலாகக் கொண்டு நடந்தது என்றால் அது மிகையாகாது.

1956ஆம் ஆண்டு ஜப்பானில் காரியா என்ற ஊரிலிருந்து ஒரு சிறிய வண்டி வெளிவந்தது. 'எல்ஏ' என்று பெயரிடப்பட்ட அந்த வண்டியின் தூக்குதிறன் 1 டன். அதாவது, பதினாறு பிக்கலுக்கும் மேல். பதினாறு பேர் முதுகு வளைந்து சுமக்க வேண்டியதை, ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தூக்கிவிடலாம். அதுதான் டொயோட்டாவின் முதல் ஃபோர்க்லிப்ட்.

கார் கம்பெனி ஒன்று எதற்காகப் பாரம் தூக்கும் வண்டி செய்யப் போனது? அந்த வண்டி கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மவர்களின் வாழ்க்கையை எப்படித் தொட்டது? பாரம் தோளிலிருந்து இறங்கிய பிறகு எது இறங்காமல் நின்றது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இந்த உரையின் நோக்கம்.

ரயிலும் துறைமுகமும்

முதலில் நம் ஊர்க் கதை. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் பாதை 1886இல் திறக்கப்பட்டது. கிள்ளான் ஆற்றுக்குப் பாலம் அமைந்து, பாதை கடலை நோக்கி நீண்டு, 1901இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் பிறந்தது. திறந்த கையோடு மலேரியாவால் அது மூடும் நிலைக்குப் போனதும், சதுப்பு நிலத்தை வடிகட்டிக் கொசுவை ஒழித்த பிறகே மீண்டு எழுந்ததும் தனி வரலாறு.

அந்தத் துறைமுகத்தை நடத்தியது ரயில்வே நிர்வாகம் என்பது இன்று பலருக்குத் தெரியாத செய்தி. 1963இல் துறைமுக வாரியம் அமைக்கப்படும் வரை, கப்பலிலிருந்து சரக்கு இறங்கும் துறைமேடையும் அதை ஏற்றிச் செல்லும் ரயில் பெட்டியும் ஒரே நிர்வாகத்தின் கீழ்தான் இருந்தன. ஆகவே, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த தமிழரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழரும் ஒரே முதலாளியின் இரண்டு கைகள் போன்றவர்கள். இன்று கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடம் ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ரயில்வே யார்டாக இருந்தது. அங்கு கோக்கப்பட்ட சரக்குப் பெட்டிகள் கிள்ளானை நோக்கிப் போயின. அங்கே அவற்றுக்காகத் தோள்கள் காத்துக்கொண்டிருந்தன.

ரப்பரையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் பால் மரம் சீவி, உறைய வைத்து, புகையில் உலர்த்திய ஷீட்டுகளை அழுத்திக் கட்டினால் ஒரு பொதி 250 இராத்தல். கிட்டத்தட்ட இரண்டு பிக்கல். மரம் சீவியவர் தமிழர். லோரியில் ஏற்றியவர் தமிழர். துறைமுகக் கிடங்கில் உருட்டி அடுக்கியவர்களில் பெரும்பகுதியினரும் தமிழர். முழங்கால் தேய்ந்ததும், இடுப்பு பிடித்ததும், தோள்பட்டையில் காய் காய்த்ததும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

தறியில் பிறந்த தொழில்

இனி ஜப்பானுக்குப் போவோம். டொயோட்டா என்றதும் நம் கண்முன் வருவது கொரோலாவும் வியோஸும். ஆனால் அந்தக் குழுமத்தின் தாய்வீடு ஒரு தறிப் பட்டறை.

சக்கிச்சி டொயோடா 1867இல் பிறந்தவர். தந்தை தச்சர். கிராமத்துப் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த அவர், தறியைத் திருத்துவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1924இல் அவர் உருவாக்கி முடித்த 'ஜி' வகைத் தானியங்கித் தறி உலகப் புகழ் பெற்றது. அதைத் தயாரிக்க 1926இல் காரியாவில் டொயோடா தானியங்கித் தறி நிறுவனம் தொடங்கப்பட்டது.

அந்தத் தறியின் பெருமை வேகத்தில் மட்டும் இல்லை. பாவு நூலில் ஓர் இழை அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். குறையோடு ஒரு முழம் துணிகூட மேலே ஓடாது. ஆளும் தறியையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்கலாம். தவறு நேர்ந்தால் நிறுத்து, காரணத்தைக் கண்டுபிடி, பிறகு ஓட்டு. பின்னாளில் டொயோட்டா கார் தொழிற்சாலைகளின் தாரக மந்திரமாக மாறிய கொள்கை இதுதான். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவில் இது மீண்டும் வரும்.

1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அந்தத் தறியின் காப்புரிமையை 1 லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அந்தப் பணத்தைக் கொண்டுதான் மகன் கீச்சிரோ கார் ஆராய்ச்சியில் இறங்கினார் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1933இல் தறிக் கம்பெனிக்குள்ளேயே ஒரு மோட்டார் பிரிவு திறக்கப்பட்டது. 1937இல் அது பிரிந்து தனியாக டொயோட்டா மோட்டார் ஆயிற்று. பிள்ளை உலகம் சுற்றப் புறப்பட்டான். தாய் காரியாவிலேயே தறியோடு தங்கிவிட்டாள்.

அந்தத் தாயின் கையில் பிறந்ததுதான் ஃபோர்க்லிப்ட்.

அமெரிக்காவில் முளைத்த விதை

ஃபோர்க்லிப்ட்டைக் கண்டுபிடித்தது டொயோட்டா இல்லை. 1917இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வாகன அச்சுகள் செய்யும் கிளார்க் நிறுவனம், தன் தொழிற்சாலைக்குள் பொருள்களை நகர்த்த ஒரு சிறிய மோட்டார் வண்டியைச் செய்துகொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கவே, அது விற்பனைப் பொருளாயிற்று. 1920களில் தூக்கும் அமைப்பும் முள்கரண்டி போன்ற இரண்டு இரும்புக் கரங்களும் சேர்ந்தன. பெயரில் உள்ள 'ஃபோர்க்' அங்கிருந்து வந்ததே.

இரண்டாம் உலகப் போர்தான் அதற்கு உண்மையான வாழ்வு கொடுத்தது. குண்டும் ரொட்டியும் மருந்தும் கோடிக்கணக்கான பெட்டிகளாகக் கடல் கடந்தபோது, அமெரிக்க ராணுவம் சரக்கைப் பலகை மேடைகளில், அதாவது பேலட்டுகளில், அடுக்கி ஃபோர்க்லிப்ட்டால் தூக்கும் முறையைப் பெரிய அளவில் கையாண்டது. போர் முடிந்தபின் ஜப்பானிலும் இந்த வண்டிகள் தயாராகத் தொடங்கின. 1949இல் டிசிஎம் என்ற ஜப்பானிய நிறுவனம் ஒன்றைச் செய்தது. 1956இல் டொயோடா தறி நிறுவனம் களத்தில் இறங்கியது. மறு ஆண்டே, 1957இல், இன்னொரு கார் கம்பெனியான நிசானும் ஃபோர்க்லிப்ட் தயாரிக்கத் தொடங்கியது.

கார் செய்பவர்களுக்கு இது அந்நியமான வேலை இல்லை. எஞ்சின், கியர், பிரேக், அச்சு எல்லாம் கைவந்த கலை. விற்பதற்கு ஊர் ஊராக முகவர்கள் இருந்தார்கள். கார் ஓடாத இடத்தில், கிடங்கின் இருட்டுக்குள் ஓடும் ஒரு காரைச் செய்வது போலத்தான் அவர்களுக்கு அது தோன்றியிருக்கும்.

துலாக்கோல் தத்துவம்

ஆனால் ஃபோர்க்லிப்ட் ஒரு காரே இல்லை என்பதை அதன் உடலமைப்பு சொல்லும். பிள்ளைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் முன்சக்கரம்தான் நடுக்கட்டை. ஒரு பக்கம் சரக்கு; மறுபக்கம் வண்டியின் பின்னால் பொருத்தப்பட்ட பெரிய வார்ப்பிரும்புப் பாளம். அந்த எதிர்ப்பாரம் இல்லாவிட்டால், சரக்கைத் தூக்கிய மறுகணம் வண்டி குப்புற விழும்.

இதனால்தான் 2 டன் தூக்கும் வண்டி என்றால் எப்போதும் 2 டன் தூக்கும் என்று எண்ணக்கூடாது. சிறிய வண்டிகளில் பொதுவாக, சரக்கின் நடுப்பகுதி கரத்தின் அடியிலிருந்து 500 மில்லிமீட்டர் தொலைவில் இருந்தால்தான் அந்தக் கணக்கு. சரக்கு நீளமாகி நடுப்பகுதி தள்ளிப் போனால் தூக்குதிறன் குறையும். கை நீட்டி ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்தால் எப்படிக் கனக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இன்னொரு வேறுபாடு, காரில் முன்சக்கரம் திரும்பும். ஃபோர்க்லிப்ட்டில் பின்சக்கரம் திரும்பும். குறுகிய சந்தில் வளைய அது வசதி. ஆனால் திரும்பும்போது பின்பகுதி வெளியே வீசும். பக்கத்தில் நிற்பவர் மீது மோதுவது பெரும்பாலும் அந்தப் பின்பகுதிதான். கார் ஓட்டத் தெரிந்தவன் ஃபோர்க்லிப்ட்டும் ஓட்டுவான் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது இங்கேதான் புரிகிறது.

ஒட்டுத் தொழிலா? உயிர்த் தொழிலா?

1966க்குள் டொயோட்டா ஜப்பானிய ஃபோர்க்லிப்ட் சந்தையில் முதலிடம் பிடித்தது. 1967இல் அமெரிக்கச் சந்தையில் கால் வைத்தது. 1970இல் தக்காஹாமா என்ற ஊரில் தனித் தொழிற்சாலை எழுந்தது. செங்கல் சூளைகளால் பிரிக்ஃபீல்ட்ஸ் பெயர் பெற்றது போல, கூரை ஓடுகளுக்குப் பெயர் போன ஊர் தக்காஹாமா. 1990இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலும், 1995இல் பிரான்சிலும் உற்பத்தி தொடங்கியது.

2000ஆம் ஆண்டு ஒரு பெரிய திருப்பம். சுவீடனைச் சேர்ந்த பிடி இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தை டொயோடா தறி நிறுவனம் விலைக்கு வாங்கியது. கிடங்குக்குள் மின்கலத்தால் ஓடும் சிறிய தூக்கு வண்டிகளிலும், கையால் இழுக்கும் பேலட் ஜேக்குகளிலும் பெயர் பெற்ற நிறுவனம் அது. அமெரிக்காவின் ரேமண்ட் நிறுவனமும் அதன் கையில் இருந்தது. மறு ஆண்டு இன்னொரு மாற்றம். அதுவரை தறிக் கம்பெனி தயாரிக்கும், டொயோட்டா மோட்டார் விற்கும் என்றிருந்த ஏற்பாடு முடிந்து, 2001இல் விற்பனையும் தாய்வீட்டுக்கே வந்து சேர்ந்தது. டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆங்கிலப் பெயரும் அப்போதுதான் வந்தது. உலக ஃபோர்க்லிப்ட் விற்பனையில் முதலிடத்தில் நிற்கும் நிறுவனம் அதுவே.

ஓராண்டு பின்னால் புறப்பட்ட நிசானின் கதை வேறு. அதுவும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வண்டி செய்தது. 2007இல் சுவீடனின் அட்லெட் நிறுவனத்தை வாங்கியது. ஆனால் 2012இல், காரில் முழுக் கவனம் செலுத்த வேண்டும் என்று ஃபோர்க்லிப்ட் தொழிலைக் கைமாற்ற ஒப்புக்கொண்டது. ஜப்பானிய அரசு ஆதரவு பெற்ற ஒரு முதலீட்டு நிதி அதை ஏற்று, பழைய டிசிஎம்மோடு இணைத்து யூனிகேரியர்ஸ் என்று பெயரிட்டது. பிறகு அது மிட்சுபிஷி குழுமத்தின் கைக்குப் போய், 2017இல் மிட்சுபிஷி லாஜிஸ்னெக்ஸ்ட் என்ற நிறுவனத்துக்குள் கலந்தது. நிசான் என்ற பெயர் கிடங்குகளிலிருந்து மெல்ல மறைந்தது.

இரண்டு கார் குழுமங்கள், ஒரே காலத்தில் ஒரே தொழிலைத் தொடங்கின. ஒன்றில் அது கார் கம்பெனியின் ஒட்டுத் தொழிலாக இருந்தது. கஷ்ட காலத்தில் முதலில் விற்கப்படுவது ஒட்டுத் தொழில்தான். இன்னொன்றில் அது தாய்வீட்டின் உயிர்த் தொழில். தறிக்கும் காருக்கும் அடுத்து அந்த வீட்டைத் தாங்கியது இதுதான். நிலைத்ததற்கும் மறைந்ததற்கும் உள்ள காரணங்களில் இது முக்கியமானது எனலாம்.

கிள்ளானுக்கு வந்த இயந்திரம்

இப்போது மீண்டும் நம் மண்ணுக்கு வருவோம். 1965இல் மலேசியா தரப்படுத்தப்பட்ட ரப்பர் திட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய 250 இராத்தல் பொதி போய், 33 கிலோவுக்குச் சற்று அதிகமான சிறு கட்டிகள் வந்தன. முப்பது கட்டி சேர்ந்தால் 1 டன். அவற்றைப் பேலட்டில் அடுக்கினால், ஃபோர்க்லிப்ட்டின் இரண்டு கரங்களுக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருக்கும். சரக்கின் அளவுகோல் மனிதத் தோளிலிருந்து இரும்புக் கரத்துக்கு மாறிய தருணம் அது. 1972இல் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழிகாட்ட, பிக்கலும் மெல்ல விடைபெற்றது.

அதே 1972இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரும் போய், கிள்ளான் துறைமுகம் என்றாயிற்று. 1973இல் அங்கே கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. கப்பலிலிருந்து கொள்கலனை இறக்குவது பாரந்தூக்கியின் வேலை. ஆனால் அந்தக் கொள்கலனுக்குள் சரக்கை அடுக்குவதும் அதிலிருந்து எடுப்பதும் ஃபோர்க்லிப்ட்டின் வேலை. இரண்டும் சேர்ந்து, கும்பலாக நின்று மூட்டை தூக்கும் வேலையைத் தேய்த்துவிட்டன. 1986இல் கொள்கலன் முனையம் தனியார்மயமானது. 1990களில் இந்தா தீவில் மேற்குத் துறைமுகம் வந்தது. 2024இல் கிள்ளான் துறைமுகம் கையாண்டது 1 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான கொள்கலன்கள், இருபது அடிக் கணக்கில். தோள்களை நம்பி இந்த எண்ணிக்கையை நினைத்தும் பார்க்க முடியாது.

டொயோட்டாவின் ஃபோர்க்லிப்ட் தொழிற்சாலை நம் நாட்டில் அமையவில்லை. ஆனால் அதன் விற்பனை, வாடகை, பழுதுபார்ப்பு ஆகியவை கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய தொழிலாக வேரூன்றின. 1917இல் சியா யீ சோ என்பவர் சிங்கப்பூரில் தொடங்கிய ஒரு பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து வளர்ந்தது யுஎம்டபிள்யூ குழுமம். 1982இல் டொயோட்டா கார்களின் உரிமையைப் பெற்ற அந்தக் குழுமமே டொயோட்டா ஃபோர்க்லிப்ட்டுகளையும் ஷா ஆலமைத் தளமாகக் கொண்டு விநியோகித்து வந்தது. 2023இல் அந்தக் குழுமத்தின் பெரும்பான்மைப் பங்கை சைம் டார்பி வாங்கியது. கிள்ளான் புக்கிட் ராஜாவில் 2019இல் டொயோட்டா கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த வட்டாரம் அது.

இயந்திரம் வந்தபோது நம்மவர்களுக்கு என்ன ஆயிற்று? இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. முதுகெலும்பு தேயும் வேலை குறைந்தது, அது நன்மை. தோள் வலுவை மட்டும் மூலதனமாகக் கொண்டவனின் கூலியும் குறைந்தது, அது இழப்பு. இயந்திரத்தில் ஏறி உட்காரக் கற்றவனுக்கும், அதன் எஞ்சினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவனுக்கும் வேலை தொடர்ந்தது. கற்றுக்கொடுக்க ஆளில்லாதவன் வாசலில் நின்றான். குறை அவன் உழைப்பில் இல்லை. பயிற்சி அவன் வீடு தேடி வரவில்லை.

கவிழும் வண்டியும் தடுக்கும் மூளையும்

தோளில் மூட்டை சுமந்தவன் தவறி விழுந்தால் அவனுக்குத்தான் அடி. 1 டன் சரக்கைத் தலைக்கு மேல் உயர்த்திய வண்டி தவறினால் சுற்றி நிற்பவர்களுக்கும் உயிராபத்து. பாரம் கூடக் கூடப் பொறுப்பும் கூடுகிறது.

ஃபோர்க்லிப்ட் விபத்துகளில் கொடியது கவிழ்வது. சரக்கை உயர்த்தியபடியே வேகமாகத் திரும்பினால் வண்டி பக்கவாட்டில் சாயும். ஓட்டுநர் பயந்து வெளியே குதிப்பார். வண்டியின் மேல்கூரை அவர் மீதே விழும். இருக்கை வாரை மாட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, விழும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்து உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. இதை முறையாகப் பயின்றவர் மட்டுமே அந்த ஒரு நொடியில் நினைவுகூர முடியும்.

1998இல் டொயோட்டா இதற்கு ஓர் இயந்திர விடை கண்டது. 'எஸ்ஏஎஸ்' என்ற நிலைப்புக் கட்டுப்பாட்டு முறையில், வேகத்தையும் உயரத்தையும் பாரத்தையும் உணர்கருவிகள் அளக்கின்றன. ஆபத்து தெரிந்தால், இயல்பாக ஆடக்கூடிய பின் அச்சை வண்டியே பூட்டிவிடும். உயரத்தில் சரக்கு இருக்கும்போது தூண் முன்னோக்கிச் சாய்வதையும் கட்டுப்படுத்தும். இழை அறுந்ததும் நின்ற தறியின் பேரப்பிள்ளை என்றே இதைச் சொல்ல வேண்டும். தவறைக் கண்டதும் நிறுத்து என்ற அதே கொள்கை, நூலிலிருந்து இரும்புக்கு வந்திருந்தது.

நூல் அறுந்தும் நிற்காத தறி

இத்தனை பெருமைக்கும் பிறகு, மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 2023 மார்ச்சில் டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் ஓர் அதிர்ச்சிச் செய்தியை வெளியிட்டது. அதன் ஃபோர்க்லிப்ட் எஞ்சின்களின் புகைச் சான்றிதழுக்காக நடந்த சோதனைகளில் முறைகேடு நிகழ்ந்திருந்தது. நீண்ட நேரம் ஓட்டி அளந்து எழுத வேண்டிய எண்களுக்குப் பதிலாக, உண்மையில் அளக்காத எண்கள் அரசாங்கத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. ஜப்பானில் அந்த வண்டிகளின் விற்பனை நிறுத்தப்பட்டது.

2024 ஜனவரியில் சிறப்பு விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தபோது, கறை இன்னும் பரவியிருப்பது தெரிந்தது. டொயோட்டா கார்களுக்கு அது செய்து கொடுத்த டீசல் எஞ்சின்களின் சோதனையிலும் முறைகேடு இருந்தது. டொயோட்டா மோட்டாரும் சில வாகனங்களை அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. காலக்கெடு நெருக்கடி, மேலிடத்தின் கவனமின்மை, தவறைத் தவறு என்று வாய் திறந்து சொல்ல முடியாத சூழல் ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன.

இழை அறுந்தால் தறி நிற்க வேண்டும் என்று உலகுக்குச் சொல்லிக்கொடுத்த வீட்டில், இழை அறுந்தது தெரிந்தும் தறி ஓடியிருக்கிறது. தறியை நிறுத்தப் பொறி இருந்தது. மனிதன் 'நிறுத்துங்கள்' என்று சொல்வதற்குத் துணிச்சலும் அதைக் கேட்கும் மேலதிகாரியும் வேண்டியிருந்தது. அது இல்லாமல் போயிற்று.

2025 ஜூனில் டொயோட்டா குழுமம், ஏறத்தாழ 4.7 லட்சம் கோடி யென் மதிப்பில் அந்தத் தறி நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, பங்குச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளும் திட்டத்தை அறிவித்தது. 1937இல் வீட்டை விட்டுப் புறப்பட்ட பிள்ளை, தாய்வீட்டைக் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள முன்வந்தது போன்ற செய்தி அது.

இறங்காத பாரம்

இந்த வரலாற்றிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

நம் இளைஞர்கள் பலர் இன்று ஷா ஆலம், புக்கிட் ராஜா, இந்தா தீவுக் கிடங்குகளில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார்கள். சிலர் ஒழுங்காகப் பயிற்சி பெற்றவர்கள். சிலர் 'அண்ணன் ஓட்டினார், பார்த்துக் கற்றுக்கொண்டேன்' என்று ஏறியவர்கள். 'ஆள் இல்லை, நீ கொஞ்சம் ஓட்டு' என்று சூப்பர்வைசர் சொன்னதும் தலையாட்டியவர்களும் உண்டு. பயிற்சிச் சான்றிதழ் வெறும் காகிதமாகத் தோன்றலாம். அந்தக் காகிதத்துக்காகக் கற்ற பாடம்தான் வண்டி சாயும் அந்த ஒரு நொடியில் உயிரைக் காக்கிறது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, தொழிலாளிக்குத் தேவையான பயிற்சியும் மேற்பார்வையும் கொடுப்பது முதலாளியின் கடமை. அந்தச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் அத்துடன் விடைபெற்றது. திருத்தங்களில் ஒன்றை ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடம் செய்ய வேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, தெரிவித்தும் முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது.

பிரேக் பிடிக்காத வண்டி, தேய்ந்து போன சங்கிலி, எடை எழுதாத சரக்கு இவற்றைக் கண்டால் 'நிறுத்துங்கள்' என்று சொல்ல இப்போது சட்டத்தின் துணை உண்டு. நூறாண்டுக்கு முன் ஒரு தறிக்குக் கிடைத்த உரிமை இன்று கிடங்குத் தொழிலாளிக்கும் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் துணிவும், அதைப் பயன்படுத்துபவனைத் திட்டாத முதலாளியும் இருந்தால்தான் அந்த எழுத்துக்கு உயிர் வரும்.

இன்னொரு மாற்றமும் வாசலில் நிற்கிறது. ஆளில்லாமல் தானே ஓடும் ஃபோர்க்லிப்ட்டுகள் உலகக் கிடங்குகளில் ஓடத் தொடங்கிவிட்டன. தோளை நம்பியவனுக்கு 1970களில் வந்த கேள்வி, ஸ்டீயரிங்கை நம்பியவனுக்கு இனி வரும். அன்று போல இன்றும் விடை ஒன்றுதான். ஓட்டத் தெரிந்தால் போதாது. பழுது பார்க்கவும், மின்கலத்தையும் உணர்கருவியையும் கணினியையும் புரிந்துகொள்ளவும் கற்க வேண்டும். பெற்றோரும் ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சி நிலையத்தின் வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும். சென்ற முறை பயிற்சி நம் வீடு தேடி வரவில்லை. இந்த முறை நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

பிக்கல் என்ற சொல் மறைந்துவிட்டது, மறையட்டும். எந்தத் தாயும் தன் பிள்ளை மீண்டும் இரண்டு பிக்கல் பொதியைத் தோளில் ஏற்ற வேண்டும் என்று விரும்ப மாட்டாள். தோளிலிருந்த பாரத்தை இயந்திரம் வாங்கிக்கொண்டது. எப்போது தூக்குவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை எந்த இயந்திரமும் வாங்கிக்கொள்ளவில்லை. அது இன்னும் மனிதன் தோளிலேதான் இருக்கிறது.